நித்தி பாடாத நித்தி பாட்டு

“நித்தி மாதிரி ஒண்டு செய்து தாங்கோ அண்ணை” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். “‘சின்ன மாமியே’ மெட்டில மாப்பிள்ளை பொம்பிளையின்ர பேரைப் போட்டுப் பாடினாப் போதுமோ, இல்லாட்டி நித்தி பாடாத ஒரு நித்தி பாட்டு வேணுமோ?” பாதிப் பேர் முழிப்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பது அவர்களுடைய நினைப்பு.

முதலாவது, தேர்தல் காலத்தில் சினிமா மெட்டில் வேட்பாளரின் பெயரைப் பாடுகிற வேலை. பழைய இசை நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சடித்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது கைவந்த கலை. ஊர், உத்தியோகம், மாப்பிள்ளையின் பட்டப்பெயர் மூன்றும் கிடைத்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம். இரண்டாவதில் மெட்டும் புதிது, சொல்லும் புதிது. ஆனாலும் கேட்கிறவர், “இதைச் சின்ன வயசில எங்கயோ கேட்டிருக்கிறன்” என்று நெற்றியைச் சுருக்க வேண்டும். அதுதான் என் தொழில். கலியாண வரவேற்பு, பழைய மாணவர் ஒன்றுகூடல், விளையாட்டுக் கழக ஆண்டு விழா, அறுபதாம் பிறந்தநாள் என்று கூப்பிடுவார்கள். நல்லூர்க் கொடியேற்றத்தையொட்டி வெளிநாட்டுச் சனம் வந்திறங்கும் நாட்களில் கை நிறைய வேலை இருக்கும். மற்ற மாதங்களில் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் கிற்றார் வாசித்துத்தான் சோறு.

தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நித்தி என்றால் நித்தி கனகரத்தினம், உரும்பிராய்க்காரர். 1960களின் பிற்பகுதியில் மாணவப் பருவத்திலேயே கிற்றாரும் கையுமாக மேடையேறி, யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே பாட்டாக்கியவர். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இரண்டும் இலங்கை வானொலியின் புண்ணியத்தில் பாக்கு நீரிணையைத் தாண்டி உங்கள் பக்கமும் வந்தன. பிறகு அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அதே காலத்தின் மற்றப் பெரிய ஆள் ஏ.ஈ. மனோகரன். ‘சுராங்கனி’ என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். அதை இளையராஜா 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் கையாண்டார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இவர்கள் இருவரோடு திருகோணமலைப் பரமேஷ், இமானுவேல், அமுதன் அண்ணாமலை என்று ஒரு வரிசையே உண்டு. ஈழத்துப் பொப் இசை என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான்.

இந்த இசையின் பூர்வீகத்தைத் தோண்டினால் கலப்படம்தான் வெளிவரும், நல்ல கலப்படம். ஹரி பெலஃபொன்ரேயின் கலிப்ஸோ இசைத்தட்டு 1956இல் வந்து உலகத்தைச் சுற்றியது. இலங்கைப் பெடியள் ஸ்பானியப் பெயர்களை வைத்துக்கொண்டு, கிற்றாரும் மரக்காசுமாகக் கலிப்ஸோக் குழுக்கள் தொடங்கினார்கள். நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலெரோஸ் அதில் ஒன்று. போர்த்துக்கேயர் காலத்து மிச்சமும் ஆபிரிக்க வழிவந்த கபிர் மக்களின் தாளமும் சேர்ந்து பைலா ஆகியிருந்தது. அதைச் சிங்களத்தில் நிலைநிறுத்தியவர் வொலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ்காரர். இந்தக் கூட்டுக்குள் உரும்பிராய் வேலிப் பொட்டுக்குள்ளால் நடக்கிற கதைபேச்சைக் கொண்டுபோய் வைத்தால் வருவதுதான் நித்தி.

நான் இந்தப் பாட்டுகளைக் கேட்டுப் படித்த விதம் கொஞ்சம் கோணல். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்துக் கசற் பெட்டியில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் மோட்டார் இழுபடும். நித்தியின் குரல் மெல்ல மெல்லக் கீழிறங்கி, மருமகன் மாமனாகிவிடுவான். “சுத்தடா!” என்று கத்தினால் ஒரே வீச்சில் திரும்ப மேலே ஏறும். டி மேஜரில் தொடங்கிய பாட்டு, நடுவில் சி மேஜருக்குப் போய், முடிவில் டிக்கும் ஈக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். கிற்றாரை அதற்கேற்ப முறுக்கி முறுக்கி வாசித்துத்தான் எனக்குக் காது திறந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. ஆமை வேகத்தில் கேட்டால் ஒவ்வொரு சொல்லின் வாலும் தெளிவாக விளங்கும். ஒரு பாடகர் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார், எங்கே சிரிப்பை அடக்குகிறார் என்பதெல்லாம் கை சோர்ந்த அந்தக் கணங்களில்தான் பிடிபட்டது.

நித்தி மாதிரி என்றால் என்ன? கேட்டவுடன் எல்லாரும் தாளத்தைத்தான் சொல்வார்கள். பைலாவின் ஆறு எண்ணிக்கை; அதை மூன்று மூன்றாக இரண்டு தரமும் எண்ணலாம், இரண்டு இரண்டாக மூன்று தரமும் எண்ணலாம். கிற்றார் ஒரு கணக்கிலும் கைதட்டு மற்றக் கணக்கிலும் போகும்போது இடுப்பு தானாக அசையும். கோர்ட் மூன்று, மிஞ்சினால் நான்கு. இதெல்லாம் சரிதான். ஆனால் இவ்வளவும் இப்போது கீபோர்ட்டில் ஒரு பொத்தானை அமத்தினால் வருகிறது. அமத்திவிட்டு எதைப் பாடினாலும் அது பைலாவாக இருக்குமே தவிர, நித்தியாக இருக்காது.

என் கணக்கில் முதல் சங்கதி, யார் யாரோடு கதைக்கிறார்கள் என்பது. ‘சின்ன மாமியே’ ஒரு காதல் பாட்டு அல்ல, வாய்த்தர்க்கம். மாமியும் மருமகனும் மாறி மாறிக் கதைக்கிறார்கள். காதலி பாட்டுக்குள் வருவதேயில்லை. அவள் எங்கே போனாள் என்பதுதான் பிரச்சினையே. பாட்டு படலையடியில், அதாவது வேலிக் கதவடியில், தொடங்கிப் படலையடியிலேயே முடிந்துவிடும், வளவுக்குள் ஒரு அடி போகாது. சினிமாப் பாட்டென்றால் இந்நேரம் இரண்டு பேரும் மலையடிவாரத்தில் நிற்பார்கள். ஆகவே நான் எழுத இருக்கும்போது முதலில் போடுவது ஒரு படலை. அது கடை வாசலாக இருக்கலாம், பஸ் நிலையமாக இருக்கலாம், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, நடுவில் கதவு.

இரண்டாவது தமிழ். நித்தியின் பாட்டுகளில் பள்ளிக்கூடப் புத்தகத் தமிழும் அடுப்படித் தமிழும் ஒரே வரிக்குள் தோளில் கை போட்டுக்கொண்டு வரும். ‘பெடியள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இலக்கியத்தில் இருந்து இறங்கிவந்த ஒரு சொல் நிற்கும். இது கவனக்குறைவு என்று ஒரு தமிழ் வாத்தியார் என்னோடு வாதாடினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் புளுகத் தொடங்கும்போதுதான் செந்தமிழ் வரும். மாமிக்கு முன்னால் மாப்பிள்ளை கதைக்கிற தமிழ் வேறு, சந்தியில் கதைக்கிற தமிழ் வேறு. இதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்: பொய் வருகிற இடத்தில் நல்ல தமிழ், கோபம் வருகிற இடத்தில் வீட்டுத் தமிழ். சபைக்கு இந்த விதி தெரியாது. ஆனால் சரியான இடத்தில் சிரிக்கும்.

மூன்றாவது கொஞ்சம் குறும்பு. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ குடிக்காதே என்று கெஞ்சுகிற பாட்டு. மதுவிலக்குச் சங்கம் காசு கொடுத்து எழுதுவித்திருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தப் பாட்டு அதிகம் பாடப்பட்ட இடம் எது? கலியாண வீட்டின் பின் வளவு, கடைசிப் போத்தல் திறக்கிற நேரம். புத்திமதி ஒரு பக்கம் போக, தாளம் மறுபக்கம் இழுக்கிறது. இந்த இழுபறிதான் பாட்டின் உயிர். இதைப் பாவனை செய்ய நினைக்கிறவர் தன் பாட்டில் ஒரு நேர்மையான புத்திமதியை வைக்க வேண்டும். கிண்டலான புத்திமதி சரிவராது. புத்திமதி உண்மையாக இருக்க, கால் மட்டும் கேளாமல் ஆட வேண்டும்.

பாடுகிற முறைக்கு வருகிறேன், அங்கேதான் பாடு. நித்தி பாடும்போது குரலைக் குழைப்பதில்லை. வரி முடிகிற இடத்தில் பேச்சில் நிறுத்துகிற மாதிரிப் பட்டென்று நிறுத்துவார். முக்கியமாக, அவர் சிரிக்க மாட்டார். சங்கீதம் படித்த பிள்ளைகளை இதற்குப் பழக்குவது லேசான வேலையல்ல. ஒருமுறை ஒரு தங்கச்சி, நல்ல குரல், முறையாக வீணையும் வாய்ப்பாட்டும் படித்தவர், மாமியின் பகுதியைப் பாட வந்தார். முதல் வரியின் கடைசிச் சொல்லில் ஒரு அழகான கமகம் விழுந்தது.

“தங்கச்சி, மாமி உதில நிக்கிறா. கையில விளக்குமாறு. அவவுக்குக் கமகம் வருமோ?”

“நிப்பாட்டினா மொட்டையாக் கிடக்கு அண்ணை.”

“மொட்டையாத்தான் கிடக்க வேணும். ‘அவள் வீட்டில இல்லை’ எண்டு சொல்லிப் பாருங்கோ. பாடாதேங்கோ, சொல்லுங்கோ.”

சொன்னார். “இப்ப அதே மாதிரிச் சுருதியில சொல்லுங்கோ.” அவ்வளவுதான், மாமி வந்துவிட்டார். அந்தப் பிள்ளை பிறகு மேடையில் அந்த வரியைச் சொல்லிவிட்டு ஒரு நொடி பேசாமல் நின்றார். சபையில் இருந்த மாமிமார் எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஒரு நொடியை நான் பாட்டுக்காரர்களிடம் கற்கவில்லை, கே.எஸ். பாலச்சந்திரனிடம் கற்றேன். அவருடைய ‘அண்ணை றைற்’ தனிநடிப்பைக் கேட்டு வளராத யாழ்ப்பாணத்தான் குறைவு. ஒரு பஸ், ஒரு கொண்டக்டர், நெரிபடுகிற சனம், எல்லாமே ஒருவரின் தொண்டைக்குள். கொண்டக்டரை அவர் நக்கலடிக்கவில்லை. அந்த ஆளாகவே மாறிவிடுகிறார். நக்கலுக்கும் பாவனைக்கும் உள்ள வித்தியாசம் என் காதில் அங்கேதான் விழுந்தது. நக்கலடிக்கிறவன் ஆளை விட்டுத் தள்ளி நின்று சிரிக்கிறான். பாவனை செய்கிறவனுக்குத் தள்ளி நிற்க இடமில்லை.

மனோகரனைப் பாவனை செய்வது வேறு கணக்கு. அவர் மேடை மன்னர். தாடி, உடை, ஆட்டம், ஒரே பாட்டுக்குள் தமிழும் சிங்களமும் என்று அவரிடம் எல்லாமே தாராளம். நித்தியை உட்கார்ந்துகொண்டே பாடலாம், மனோகரனை உட்கார்ந்து பாடினால் பாட்டே வராது. எனக்கு முழங்கால் நோ இருப்பதால் மனோகரன் வேலைகளை இளம் பெடியளிடம் தள்ளிவிடுகிறேன்.

இந்தத் தொழிலில் நான் மானசீகக் குருவாக வைத்திருப்பவர் அமெரிக்காவில் இருக்கிறார். வியர்ட் அல் யான்கோவிக். அக்கோடியன்காரர். மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’டை எடுத்து 1984இல் ‘ஈட் இட்’ என்று சாப்பாட்டுப் பாட்டாக மாற்றியவர் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். அது நான் சொன்ன முதலாம் வகை. அவருடைய உண்மையான கெட்டித்தனம் இரண்டாம் வகையில். டெவோ என்று ஒஹாயோவில் ஒரு கோணங்கிக் குழு இருந்தது. தலையில் கவிழ்த்த பூச்சாடி போன்ற தொப்பி, பொம்மை மாதிரி வெட்டி வெட்டி ஆடுகிற ஆட்டம், இயந்திரம் பாடுவது போன்ற குரல். 1985இல் அல் அவர்களுடைய எந்தப் பாட்டையும் தொடாமல், அவர்களே மறந்துபோய்ப் பாடாமல் விட்ட பாட்டு என்று சொல்லக்கூடிய ‘டேர் டு பி ஸ்டூப்பிட்’டைச் செய்தார். டெவோவின் மார்க் மதர்ஸ்பா அதைக் கேட்டு அதிர்ந்துபோனதாகவும், அத்தனை அழகாக இருந்ததற்காகவே ஆளை வெறுப்பதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். 1996இல் ‘தே மைற் பி ஜயன்ற்ஸ்’ குழுவின் நடையிலும் அப்படி ஒன்று செய்தார். அந்தக் குழுவிலும் ஒருவர் அக்கோடியன்காரர்தான்.

அந்த 1996 பாட்டை நான் பாடமாக்குகிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். ஒரு வரி முடியுமுன்னமே அடுத்த அசட்டுச் சம்பவம் தொடங்கிவிடும். சொல்கிறவரோ ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை சொல்வதுபோல நிதானமாக இருப்பார். அந்தக் குழுவை விரும்பாத ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது. எங்கள் நாட்டில் அந்த மாதிரிக் குழு எது என்று கேட்டால், நான் தயங்காமல் ஜிப்ஸீஸ் என்பேன். மொறட்டுவைக் குடும்பம். அதன் பாடகர், 2021இல் மறைந்த சுனில் பெரேரா, நாட்டு நடப்பையும் வீட்டுச் சண்டையையும் ஒரே முகபாவத்தோடு பாடியவர். சிங்களம் எனக்குப் பாவனை செய்கிற அளவுக்கு வராது என்பதால் தள்ளி நின்று பொறாமைப்படுவதோடு சரி.

சட்டம் இந்த வேலையில் குறுக்கே வராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக்குத்தான் காவல், பாணிக்கு அல்ல. குறுக்கே வருவது வேறு. போர்க்காலத்து எழுச்சிப் பாடல்களின் நடையில் பகிடிப் பாட்டு ஒன்று வேண்டும் என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். வெளிநாட்டில் இருந்து வந்தவர், கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பாட்டுகளின் எடுப்பு அவருக்குப் பிடித்திருந்தது. செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டேன். வரவேற்பு மண்டபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எந்த மேசையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? படலையடிப் பகிடிக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதை ஊரில் இருக்கிறவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் செய்ததில் எனக்கே பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 நடுப்பகுதி, எரிபொருள் நெருக்கடி. நாள் கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்தது. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த நேரத்தில் ஒரு கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பகுதியார் “நித்தி மாதிரி” என்றார்கள்.

படலை தயாராகவே இருந்தது. வெளியே மருமகன், உள்ளே மாமி. அவன் மகளைக் கேட்கிறான். அவ அதற்கு மறுமொழி சொல்லாமல், வந்தது காரிலா மோட்டார் சைக்கிளிலா என்று கேட்கிறா. மோட்டார் சைக்கிள் என்றதும் மகள் டியூசனுக்குப் போய்விட்டாள். அடுத்த வீட்டுப் பெடியனுக்குக் கார் இருக்கிறது என்றும் அவன் வந்தபோது மகள் வீட்டில்தான் இருந்தாள் என்றும் சந்தியில் கேள்விப்பட்டதை மருமகன் சொல்லிக்காட்டுகிறான். மாமிக்குக் கோபம் வந்து வீட்டுத் தமிழ் வருகிறது. அவன் தன்னுடைய 4 லீற்றரை வருணிக்கத் தொடங்குகிறான், உடனே செந்தமிழ். பெற்றோல் அமுதமாகிறது, வரிசை தவமாகிறது. திரும்பத் திரும்ப வருகிற அடி ஒரு புத்திமதி: சைக்கிள் மிதியுங்கள், உடம்புக்கு நல்லது. முழுக்க முழுக்க உண்மையான புத்திமதி.

இளசுகள் தாளத்துக்கு எழும்பி ஆடினார்கள். எழுபது வயதுக்காரர்கள் வேறு விதமாகச் சிரித்தார்கள். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். புகையின் மணத்தை வைத்தே யாருடைய வண்டி வருகிறது என்று சொல்லக்கூடியவர்கள். ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தார். “தம்பி, உந்தப் பாட்டு எழுபதில வந்தது. நான் றேடியோவில கேட்டனான்” என்றார். “ஐயா, இதில கியூஆர் எல்லோ வருது” என்றேன். அவர் யோசித்தார். “அதை நீங்கள் பிறகு சேர்த்திருப்பியள். மெட்டு பழசு” என்றார். என் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை.

ஆனால் காசுக் கணக்கில் அது பாதகம். அடுத்த நாள் மிச்சக் காசு வாங்கப் போனபோது, கலியாண வீட்டுச் செலவைப் பார்த்த பெரியவர் பட்டியலைத் தூக்கிப் பிடித்தார். ஒலிபெருக்கி சரி, பொங்கோக்காரர் சரி, பாடினவருக்கும் சரி. ‘பாட்டு ஆக்கம்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இதென்ன தம்பி? பழைய பாட்டுத்தானே பாடினனீங்கள்?”

புதுப் பாட்டு என்று சொன்னேன். மாப்பிள்ளை சொன்னார், பொம்பிளையும் சொன்னா. பெரியவர் அசையவில்லை, வானொலியில் கேட்ட அந்த எழுபதுவயதுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவரும் வந்து, தான் கேட்ட வருடத்தையே இன்னொருமுறை அடித்துச் சொன்னார். ஆக்கக் கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு முற்பணம் முழுதாக வாங்காமல் நான் படலை போடுவதில்லை.